தேவிபட்டினம் வீட்டுக்கு எந்த நாய்?

மண்டபம்,
மார்கழி 2

அன்புள்ள சேது,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நாலு நாளாக இங்கே வாடைக்காற்று விடாமல் அடிக்கிறது. வடகடல் கொந்தளிப்பாக இருப்பதால் நாட்டுப்படகுகளை மேலே ஏற்றிப் போட்டுவிட்டார்கள். தை பிறந்ததும் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு தேவிபட்டினத்துக்கே வந்துவிடப் போகிறோம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் வீட்டில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் அவ்வளவு சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "முப்பது வருஷம் மாட்டாஸ்பத்திரியில் இருந்தவன் நீ. எந்த நாய் வாங்கலாம், சொல். எனக்கு ராஜபாளையம் ஆசை, மகன் லாப்ரடார் என்கிறான், பேத்தி ஹஸ்கிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். மூன்றும் நல்ல நாய்கள்தான். ஆனால் உன் முழங்காலையும் உன் தெருவையும் வைத்துத்தான் நான் பதில் சொல்ல முடியும். காலை ஐந்து மணிக்கு அதோடு யார் நடக்கப் போவது? மதியம் இரண்டு மணிக்கு அது எங்கே படுத்துக் கிடக்கும்? ஆஸ்பத்திரியில் வந்து யோசனை கேட்டவர்களிடமெல்லாம் இந்த இரண்டையும்தான் முதலில் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் இருக்காது.

பேத்தியின் ஹஸ்கியை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். குழந்தை மனசு நோகாமல் நீதான் சொல்ல வேண்டும். அது சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய். 1925-இல் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உறைபனியில் மாறி மாறி ஓடி ஆறு நாளுக்குள் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்த மாதிரி வண்டி நாய்கள்தான். அந்தக் கதையைப் பேத்திக்குச் சொல், கண்ணை விரித்துக் கேட்பாள். கேட்டு முடித்ததும், அந்த நாயை நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளிடமே கேள்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாக்கின் ஈரம் காற்றில் காய்ந்தால்தான் சூடு இறங்கும். இங்கே கடற்கரையில் காற்றே ஈரமாக இருக்கிறது. துவைத்துப் போட்ட வேட்டி சாயங்காலம் வரை பிசுபிசுவென்று கொடியில் கிடக்கிற நாள் உனக்குத் தெரியாததா? அன்றைக்கு நாய் எவ்வளவு இரைத்தாலும் போதாது. முடியை மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். அதனால் சூடு தணிவதில்லை, தோல்தான் வெந்துபோகிறது. ஏசி அறையில் வைத்துக்கொள்ளலாம் என்பாய். ஓடப் பிறந்த ஜீவனை நாலு சுவருக்குள் வைப்பது ஒரு பக்கம். கரண்ட் போனால்?

பக் நாய்க்கும் இதே கதைதான். 2003-இல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சின்னப் பையன் பின்னாலேயே ஒரு பக் ஓடிவந்தது, அதற்குப் பிறகு ஊர் ஊராக அந்த நாய் வந்துவிட்டது. மூக்கு தட்டை, மூச்சு போகிற வழி குறுகல். வைகாசி மாதம் ஆஸ்பத்திரிக்கு வருகிற பக் நாய்கள் மூச்சு விடுகிற சத்தம் வாசலில் இருக்கும்போதே எனக்குக் கேட்கும்.

அடுத்தது உன் ஆசை. உங்கள் தாத்தா வீட்டு ராஜபாளையத்தை நானும் பார்த்திருக்கிறேன். வாசல் திண்ணையில் அது படுத்திருந்தால் ஒரு ஈ காக்கை உள்ளே வராது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005 ஜனவரியில் தபால் துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதல் நாள் உறை ஒன்றை எனக்கு அனுப்பினாயே, ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுநாய் என்று நாலும் ஒட்டியது, அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். நம் பக்கத்து நாய் அதில் இருந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும்.

ஆனால் சேது, உங்கள் தாத்தா காலத்துத் தெருவா இன்றைக்கு இருக்கிறது? கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலுக்கு விடியுமுன்னே வேன் வேனாக ஜனம் வந்து இறங்குகிறது. ஈர வேட்டியோடு நூறு பேர் உன் வாசலைக் கடந்து போவார்கள், அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். ராஜபாளையம் வீட்டு ஆளுக்கு உயிரைக் கொடுக்கும், அந்நியரை மட்டும் சுலபத்தில் ஏற்காது. அதற்கு ஒவ்வொரு நாளும் போராட்டமாகத்தான் இருக்கும், உனக்கும் அப்படியே. இன்னொன்று, வெள்ளை நிறம் சுத்தமாக வேண்டும் என்று நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, காது கேளாத குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. எப்போதாவது யாருக்காவது வாங்கப் போனால் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார். கூட்டமாக இருக்கும்போது தட்டாதே, மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும். தனியாக எடுத்து வைத்துத் தட்ட வேண்டும். சுற்றுச்சுவர் உயரமாக உள்ள தோப்பு வீடு, ஓடுவதற்கு இடம், கூடவே நடக்க வாலிப வயசில் ஒரு ஆள், இதெல்லாம் இருக்கிறவனுக்கு அதைப்போல் நாய் கிடையாது.

லாப்ரடாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உன் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேர் லாப்ரடாராக இருந்தாலும் அதன் மூதாதை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வாழ்ந்த நாய். தூண்டிலில் இருந்து நழுவுகிற மீனைப் பிடித்து வரும், வலைக் கயிற்றை நீந்திக் கரைக்கு இழுத்து வரும். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், 1903-இல்தான் அங்கே தனி இனமாகப் பதிவானது. விரல்களுக்கு நடுவே சவ்வு, துடுப்பு மாதிரித் தடித்த வால், தண்ணீர் ஒட்டாத இரட்டை முடி. பாம்பனில் ஒரு மீன் வியாபாரி வீட்டில் ஒன்று இருந்தது, கறுப்பு. தென்கடலில் அலை அடங்கியிருக்கும்போது மிதவைக்கட்டையை வீசினால் கழுத்து மட்டும் தெரிய நேராக நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு திரும்பும். கரையேறி உடம்பை ஒரு உதறு உதறினால் பக்கத்தில் நிற்கிறவன் குளித்துவிடுவான். கடலோரத்து ஆளுக்கென்றே பிறந்த நாய் என்று அப்போது நினைத்தேன்.

அந்த நாய்தான் என் கையில் செத்தது. வலையில் இருந்து கழித்துப் போட்ட, விஷமுள்ள பேத்தை மீனைத் தின்றுவிட்டது. தூக்கி வரும்போதே பின்னங்கால்கள் மடிந்து தொங்கின. வாந்தி எடுத்தது. அப்புறம் மூச்சு வரவர மெதுவாகிவிட்டது. கண் மட்டும் என்னையும் வியாபாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

லாப்ரடாருக்கு வாயைக் கட்டத் தெரியாது. அது வெறும் பழக்கதோஷம் இல்லை. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்துச் சொன்னார்கள், ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு ஒரு மரபணுவில் குறை இருக்கிறது, தின்றாலும் பசி அடங்கினது தெரியாது. கடற்கரையில் கருவாடு, மீன் குடல், பேத்தை என்று கீழே கிடக்காத பொருள் உண்டா? வீட்டுக்குள்ளேயே இருந்தால் தங்கச்சி இரக்கப்பட்டுப் போடுகிற இட்லியிலேயே பெருத்துவிடும், பெருத்தால் இடுப்பும் முட்டியும் போய்விடும். ஒரு வீட்டில் முட்டிவலிக்காரர் ஒருவர் போதும். முப்பது கிலோ நாய் கயிற்றை ஒரு இழு இழுத்தால் நீ தாங்குவாயா? உன் மகன் பெங்களூரில் இருக்கிறானே, பிள்ளைகளும் ஓடியாடுகிற வயசு, குளிர்ந்த ஊர், அவனே ஒன்று வளர்க்கட்டும். குழந்தைகளிடம் அதன் பொறுமைக்கு ஈடு கிடையாது. ஜெர்மன் ஷெப்பர்டையும் கேட்டிருந்தாய். மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய நாய் அது, இடுப்பெலும்பும் சீக்கிரம் பழுதாகும். உனக்கு ஆகாது.

இனி நான் யாரிடமும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று. சாயல்குடியில் வேலை பார்த்தபோது சாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் எனக்கு ஒரு சிப்பிப்பாறைக் குட்டி கொடுத்தார். மாரி என்று பேர் வைத்தேன். நீ ஒரு தடவை வந்தபோது பார்த்திருக்கிறாய். விலா எண்ணுகிற மாதிரித் தெரியும், வருகிறவர்களெல்லாம் "நாய்க்குச் சோறு போடுகிறீர்களா இல்லையா?" என்று கேட்பார்கள். அந்த இனத்தின் உடல்வாகே அப்படி. வாசனை பிடித்து அல்ல, கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய். முயல் வேட்டை வனவிலங்குச் சட்டத்தோடு போய்விட்டது, நல்லதுதான், ஆனால் சட்டம் வந்தது அதன் காலுக்குத் தெரியுமா? காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை வேப்பமரத்தில் கட்டிப்போட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்விடுவேன். சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. மழைக்காலத்தில் சுற்றிலும் புல் முளைத்தது, அந்த வட்டத்தில் மட்டும் ஒரு புல் முளைக்கவில்லை.

ஒருநாள் சங்கிலியை அவிழ்க்கும்போது கருவேலங்காட்டு ஓரத்தில் ஏதோ அசைந்தது. கையை உதறிக்கொண்டு பறந்துவிட்டாள். அந்த வேகத்தில் ஒரு நாய் ஓடி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ரோட்டில் லாரி வந்தது. நான் தினமும் ஒரு மணி நேரம் தரிசுக் காட்டில் ஓடவிட்டுப் பழக்கியிருந்தால், கூப்பிட்டால் திரும்புகிற பழக்கத்தைக் குட்டியிலேயே கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது. அதற்குப் பிறகு யார் வந்து சிப்பிப்பாறை, கன்னி நாய் என்று கேட்டாலும் முதலில் அவர்கள் வீட்டுப் பக்கம் எவ்வளவு வெட்டவெளி இருக்கிறது என்று விசாரிக்காமல் விட்டதில்லை.

அப்படியானால் உனக்கு என்னதான் என்று கேட்பாய். பாம்பனில் வலை பின்னுகிற கொட்டகையில் ஒரு நாட்டு நாய் ஐப்பசி கடைசியில் நாலு குட்டி போட்டது. நேற்று மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். பழைய வலைக்குவியலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதில் செவலைப் பெட்டை ஒன்று, நெஞ்சில் மட்டும் வெள்ளை, மற்றவை தூங்கும்போது இது மட்டும் என் செருப்பு வாரைக் கடித்து இழுத்துப் பார்த்தது. காலைத் தூக்கினேன், பயந்து ஓடவில்லை, உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. இந்த வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்த உடம்பு. முடி குட்டை, உடம்பு இலேசு, வளர்ந்தால் பதினைந்து கிலோ வந்தால் அதிகம். நீ அரை மணி நேரம் கடற்கரை வரை நடந்து திரும்பினால் அதற்குப் போதும். மதியம் திண்ணை நிழலில் தங்கச்சியோடு அதுவும் தூங்கிவிடும்.

நாட்டு நாய்தானே, தானாக வளரும் என்று மட்டும் நினைத்துவிடாதே. எட்டு வாரம் தாயிடம் இருக்கட்டும், பொங்கலுக்குச் சரியாக இருக்கும். முதல் தடுப்பூசியை அதற்குள் நானே போட வைக்கிறேன். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருஷா வருஷம் தவறக்கூடாது. ஆறேழு மாதத்தில் கருத்தடை. முக்கியமானது இது: அந்த முதல் மூன்று நாலு மாதத்துக்குள் அது எதையெல்லாம் பார்க்கிறதோ அதற்கெல்லாம் பயப்படாமல் வளரும். உன் தெரு அதற்கு வரப்பிரசாதம். மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார். யாத்திரைக்காரர்கள், வேன் ஹார்ன், ஈரத்துணி, கொட்டுச் சத்தம் எல்லாம் பார்க்கட்டும். சூடையோ நெத்திலியோ உப்புப் போடாமல் வேகவைத்து, சூடையென்றால் முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுத்தால் போதும். கருவாடு வேண்டாம். மழைக்காலத்தில் காது மடலுக்குள் விரலை விட்டு உண்ணி பார். பேத்தையைப் பற்றி மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவை.

பேத்தி மே மாதம் வரும்போது குட்டிக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும், அவளோடு சரிக்குச் சரி ஓடும். பேர் வைக்கிற உரிமையை அவளுக்கே கொடுத்துவிடு, ஹஸ்கிக்கு வைத்திருந்த பேரையே வைத்தாலும் சரி.

கொட்டகைக்காரரிடம் அந்தச் செவலையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சம்மதமா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் ஒரு வரி எழுது, அல்லது போன் பண்ணு. வரும்போது பழைய கோணிச் சாக்கு இரண்டு எடுத்துவை, குட்டிக்குப் படுக்கை வேண்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
முத்து