பால்மரம் இலை உதிர்க்கும் மாதம்

சுங்கை சிப்புட், மலேசியா,
தைப்பூசம் கழிந்த வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சாப்பிட்டாச்சும்மா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். ஜப்பானில், உன் சப்போரோவில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, வெளியே எங்கு பார்த்தாலும் வெள்ளை, படம் எடுக்க ஒன்றுமே இல்லை என்று மார்கழியில் சொன்னாய். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நீ விட்டுப்போன பழைய கேமராவை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். திட்டாதே.

லென்ஸைத் திருப்பி மாட்டினால் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும் என்று நீ இங்கே படிக்கிற காலத்தில் சொன்னது ஞாபகம் இருந்தது. கேமரா வாயை மூடும் பிளாஸ்டிக் மூடியில் சுட்ட கத்தியால் ஓட்டை போட்டேன். அந்த 50 எம்எம் லென்ஸின் முகம் உள்ளே பார்க்கிற மாதிரி வைத்து, கறுப்பு ஒயர் டேப்பை நாலு சுற்று சுற்றினேன். "பிள்ளை சாமானை நாசம் பண்ணுறியா?" என்று அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் படம் பத்து காசு. முழுக் காசு படத்துக்குள் அடங்கவே இல்லை. அதைக் காட்டியதும் அவரே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நல்லவேளை, அது வெளிச்சத் துளையைச் சுருக்கும் வளையம் வைத்த பழைய லென்ஸ். 11-இல் வைத்தும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழுகிறது. முன்னாலும் பின்னாலும் ஒரே புகை. மில்லிமீட்டர் என்றால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளுக்குப் பட்டைக்குள் அவ்வளவுதான் இடம். மரத்தை ஒட்டிய உள்பட்டையில்தான் பால் அதிகம். மேலோட்டமாகச் சீவினால் பால் சரியாக இறங்காது. ஒரு மயிரிழை கூடுதலாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும். அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும். இருபத்திரண்டு வருஷம் விடியாத நேரத்தில் அந்த இடத்தைத் தேடிய கை இது. அதனால் லென்ஸைத் திருகிக்கொண்டு நிற்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை ஒரு இழை முன்னே, ஒரு இழை பின்னே சாய்த்தேன். தெளிவு வந்த இடத்தில் அமுக்கினேன். வெளிச்சத்துக்கு என் பழைய நெற்றி விளக்குதான், மேலே ஒரு டிஷ்யூ காகிதம்.

இங்கேயும் இப்போது குளிர்காலம் என்றால் சிரிப்பாய். தை, மாசியில் பால்மரம் இலை உதிர்க்கும் இல்லையா, அதற்குத் துரைமார் 'விண்டரிங்' என்றுதான் பேர் வைத்திருந்தார்கள். பால் குறையும், சம்பளம் குறையும், கடைக்காரர் கணக்குப் புத்தகம் மட்டும் தடிக்கும். எங்களுக்கு அதுதான் பனி! இப்போது எங்கும் செம்பனை. ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு சின்னத் தோட்டத்தில் அறுபது எழுபது பால்மரம் மிச்சம் இருக்கிறது. அங்கே போய் ஒரு சருகைப் பொறுக்கி வந்தேன், ஒரே காம்பில் மூன்று இலை. காலில் மிதித்துக்கொண்டே போன சருகு, தம்பி. படத்தில் பார்த்தால் நரம்புகள் பாய் முடைந்த மாதிரி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இன்னும் சின்னக் கட்டம். பழுப்பு என்று நினைத்தது செம்பும் ஊதாவுமாக இருந்தது.

அப்புறம் என் உளி. சாணை பிடித்த கீறல்கள் உழுத சால் மாதிரி வரிசையாக ஓடுகின்றன. ஒரு மூலையில் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்து நகத்தால் கிள்ளினேன், இழுபட்டது. பால். வேலையை விட்ட நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. (நத்தை ஒன்றையும் பிடித்தேன். சிப்புட் என்றால் மலாயில் நத்தைதானே, ஊர்ப் பேரிலேயே நத்தை இருக்கும்போது விட முடியுமா? மூச்சுப் பட்டதும் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது.)

உன் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 1936-இல் உலகத்திலேயே முதல்முறையாகச் செயற்கைப் பனிப்பூவை வளர்த்தவர் விஞ்ஞானி உகிச்சிரோ நகாயா, அதுவும் நீ படிக்கிற ஹொக்கைடோ பல்கலைக்கழகத்திலேயே. முயல் முடி ஒன்றின் நுனியில் வளர்த்தாராம். வளாகத்துக்குள் அதற்கு அறுகோணத்தில் நினைவுக்கல் இருக்கிறதாம், போய்ப் பார்த்தாயா? பனிப்பூவின் வடிவம் குளிரைப் பொறுத்ததாம்: மேகத்தில் −15 டிகிரிக்குப் பக்கம் என்றால் கிளைவிட்ட நட்சத்திரம், −5-க்குப் பக்கம் என்றால் ஊசி. அமெரிக்காவில் 1885-இலேயே பனிப்பூவைப் படம் பிடித்த பெண்ட்லி என்கிற விவசாயிக்கு மைக்ராஸ்கோப் கொடுத்தது அவன் அம்மா. அவன் அப்பாவுக்கு அதெல்லாம் வீண்வேலை. எல்லா வீட்டிலும் இதே கதைதான் போல.

நான் பின்னி அனுப்பிய கறுப்புக் கையுறை இருக்கிறதே, அதைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிரவிட்டுப் பனியை அதில் ஏந்து. சூடான கையுறையில் விழுந்தால் அடுத்த நிமிஷமே தண்ணீர். பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், சட்டைக்குள்ளே வைத்துக்கொள். திரும்ப அறைக்குள் வரும்போது கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடு, இல்லையென்றால் உள்ளே வேர்த்துவிடும். எனக்கு இங்கே பூஞ்சைதான் பயம். அதனால் லென்ஸைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். அப்பா உலைக்கு அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்பட்டு அலறிவிட்டார்.

வெளியே போக மனசில்லையென்றால் விடு. சீனி, காலுறை நூல், பானை அடியில் பிடித்த காந்தல், எது இருந்தாலும் எடு. அனுப்பும்போது என்னவென்று எழுதாதே, நாங்களே கண்டுபிடிக்கிறோம்.

நானும் மூன்று படம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவதை அப்பா முறுக்கு என்கிறார். அது முறுக்கு இல்லை.

அம்மா