விதை கேட்டிருந்தாயே, செல்வி

அன்புள்ள செல்விக்கு,

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் அடுத்து மாடிக்குப் போய் வற்றல் காயப்போடத்தான் பார்ப்பார்கள், கொஞ்ச நாள் விடாதே. இங்கே எல்லோரும் நலம். இவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, அதற்கப்புறம் மொரீசியஸா பாளையங்கோட்டையா என்று வீட்டில் தினமும் ஒரு பேச்சு ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அந்தச் சிவப்புப் பூவின் விதை வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதன் பெயர் ட்ரோகெட்டியா பூட்டோனியானா, இங்குள்ளவர்கள் 'பூக்ல் தொரேய்' என்பார்கள். மொரீசியஸ் 1992 மார்ச் 12 அன்று குடியரசானபோது தேசிய மலராக அறிவித்தது இதைத்தான். உலகத்தில் இது தானாக முளைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: தீவின் தென்மேற்கு முனையில் கடலை ஒட்டி நிற்கிற லெ மோர்ன் மலை, 556 மீட்டர் உயரப் பாறை. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பாறைச் சரிவைத் தவிர வேறெங்கும் காட்டில் இந்தச் செடி கிடையாது. இதை நினைத்துக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மனசு வேறு மாதிரி ஆகிவிடுகிறது, செல்வி.

பேரினப் பெயர் உனக்கும் எனக்கும் பழக்கமானவர் ஒருவருடையது. சவ்வூடு பரவலைப் பற்றி எழுதிய துட்ரோஷேயை எத்தனை பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம்! அவர் பெயரில்தான் ட்ரோகெட்டியா. ஆறு சிற்றினங்கள், ஐந்து இந்தத் தீவில், ஒன்று பக்கத்து ரீயூனியனில். ஐந்தில் ஒன்றான பார்விஃப்ளோராவை 1863க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2001இல் கோர் த கார்த் மலையில் மறுபடி கண்டுபிடித்தார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகும் முருகன் கோயில் அதே மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது! வருஷா வருஷம் அந்தப் படிகளில் ஏறியவர்களுக்கெல்லாம் தலைக்கு மேல் பாறையில் அது இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அது தெரிந்ததிலிருந்து படியேறும்போது நான் மேலேயும் ஒரு கும்பிடு போடுகிறேன்.

வளர்ப்பது பற்றிக் கேட்டாய். மலையிலிருந்து ஒரு குச்சியும் ஒடிக்கக்கூடாது, நாற்றங்காலில் வளர்த்த கன்றைத்தான் வாங்கி வைத்தேன். நம் செம்பருத்திக் குடும்பம்தான், ஆனால் செம்பருத்தி மாதிரி சாணி எருவும் தண்ணீரும் கொட்டினால் இதற்கு ஆகாது. பாறை இடுக்கில் வாழ்ந்த செடிக்கு வேரில் நீர் தங்கக்கூடாது என்று, இங்கே எங்கே தோண்டினாலும் கிடைக்கிற கருங்கல்லை அடுக்கி மேடு கட்டி, நல்ல வெயில் படுகிற மூலையில் வைத்தேன். வளமில்லாத மண்ணே போதும். புயல் மாதங்களில் மட்டும் மூங்கில் முட்டுக் கொடுத்துக் கட்டிவிடுவேன், ஆள் உயரம் தாண்டிவிட்டதால் காற்றுக்கு ரொம்ப ஆடுகிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்கள் இங்கே குளிர்காலம், அப்போதுதான் பூக்கும். ஒவ்வொரு கிளையிலும் ஜிமிக்கி தொங்குவது போலத் தலைகீழாகத் தொங்கும்.

உள்ளே எட்டிப் பார்த்தால் பூந்தேனுக்கே ஒரு நிறம் இருக்கும், சிவப்புத் தேன்! நாம் படித்த காலத்தில் பூந்தேனுக்கு நிறம் உண்டென்று யாராவது சொன்னார்களா? இந்தத் தீவில் பூவைத் தேடி வருவது பல்லி. பகலில் வெயில் காய்கிற பச்சைப் பல்லிகள், ஃபெல்சூமா என்ற இனம். தெளிந்த தேனையும் நிறமுள்ள தேனையும் செயற்கைப் பூக்களில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், பல்லிகள் நிறமுள்ளதைத்தான் அதிகம் தேடிப் போயின. இன்னொரு ட்ரோகெட்டியாவில் செய்த ஆய்வு இன்னும் அழகு: தாழைப் புதருக்குப் பக்கத்தில் நின்ற செடிகளில் காய் அதிகம் பிடித்திருக்கிறது. காரணம், அந்தப் பல்லிகள் வேட்டைப் பறவைக்குப் பயந்து ஒளிவது தாழை மடல்களுக்குள்தான், அங்கிருந்து ரொம்ப தூரம் வெளியே வராது.

இதைப் படித்த பிறகு நான் செடிக்குப் பக்கத்திலேயே ஒரு வக்குவா வைத்தேன், இங்குள்ள தாழை இனம். மாவுப்பூச்சியும் எறும்பும் சேர்ந்துவிட்டால் பல்லி அண்டாது என்பதால் வாரம் தவறாமல் இலைகளின் அடிப்பக்கத்தைத் துடைக்கிறேன். போன குளிர்காலத்தில் பச்சைப் பல்லி ஒன்று வந்து பூவுக்குள் தலையை விட்டது, நான் சமையலறை ஜன்னலிலேயே நின்றுவிட்டேன், அடுப்பில் வைத்த ரசம் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

விதை அனுப்ப மாட்டேன், செல்வி. கோபித்துக்கொள்ளாதே. அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்கு விதை கொண்டுவரக்கூடாது என்பது ஒரு காரணம், ஆனால் சட்டம் சரி என்று சொன்னாலும் அனுப்ப மாட்டேன். பாளையங்கோட்டையில் அந்தப் பல்லி இல்லை, அந்தப் பாறையும் இல்லை. அங்கே அது அழகுக்கு நிற்கிற தொட்டிச் செடிதான்.

அதைவிட, செடிகள் கடல் தாண்டினால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே தினமும் பார்க்கிறேன். 1598இல் டச்சுக்காரர்கள் வந்ததிலிருந்து கருங்காலியை வெட்டி, கரும்பு நட்டு, கடைசியில் இந்தத் தீவின் பூர்வீகக் காடு 2 சதவீதம் கூட நல்ல நிலையில் மிஞ்சவில்லை. மிஞ்சியதையும் பிரேசிலிலிருந்து வந்த சீனக் கொய்யா மூடுகிறது. பழம் ருசிதான், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நானும் சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் அதன் அடியில் எதுவும் முளைக்காது. விதையைப் பரப்புவதில் நம் ஊரிலும் உள்ள பறவையான செம்மீசைச் சின்னானுக்கும் பங்கு உண்டு. இன்னொன்று சொன்னால் உனக்கு வலிக்கும். நம் குருக்கத்தி, பாட்டிலெல்லாம் மாதவி என்று மணக்கிற அதே கொடி, இங்கே மரங்களின் தலையில் ஏறி மூச்சை அடைக்கிற களை. ஆட்கள் கத்தியோடு போய் வெட்டுகிறார்கள். கொடியின் மேல் குற்றம் இல்லை, அதைக் கொண்டுவந்து விட்டவர்கள் இங்கே அது என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

ஆகவே நீ உன் தோட்டத்தில் குருக்கத்தியை வை. உன் மாடிப்படி ஓரத்துக் கம்பியில் ஏற்றினால் அருமையாகப் படரும், தாமிரபரணிக் கரை நாற்றங்கால்களில் விசாரித்தால் கன்று கிடைக்கலாம். வெறும் அழகுச் செடிகளுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது பொதிகை அடிவாரத்துச் செடிகளுக்குக் கொடு. உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை, ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய செடிகளின் தொகுப்புக்கு) நீ சேர்த்த மாதிரிகளை வைத்துத்தான் நான் பாஸ் ஆனேன்.

பூவைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ வா. லெ மோர்னுக்கு அதிகாலையில் கிளம்பலாம், வெயில் ஏறினால் பாறை சுடும், நல்ல ஷூ கொண்டு வா. அம்மாவைப் பார்த்துக்கொள்ள அண்ணி வருவார்களா என்று இப்போதே பேசி வை. மகள் கல்யாணப் பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று நீ ஒரு வரி கூட எழுதவில்லை, அதை அடுத்த கடிதத்தில் முதலில் எழுது.

அன்புடன்,
வசந்தா