போக்கரில் உட்காரும் இடம் பற்றி ஒரு வரி கூட இல்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் போக்கர் சீட்டாட்டம் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. எந்தக் கை எதை வெல்லும் என்று படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். ஆனால் ஆடுபவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதை விட்டுவிட்டு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கவே முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஞாயிறு மாலை எங்கள் மொட்டைமாடியில் ஒன்பது பேர் கூடுவோம். தங்கை குடும்பம், மாடி வீட்டுக் கன்னடத் தம்பதி, எதிர்வீட்டுக்காரர்கள். காசு கிடையாது, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு 2025இல் தடைச் சட்டம் வந்ததை மனதார வரவேற்றவள் நான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. சீட்டுப் போடும் டீலருக்கு அடையாளமாக ஒரு பாட்டில் மூடி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது இடப்பக்கம் ஒரு ஆள் நகரும். மூடிக்கு அடுத்த இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே பந்தயம் வைக்க வேண்டும். அவர்கள்தான் சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட். அவர்களுக்கு அடுத்தவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்.

ஒருநாள் அந்த முதல் இடத்தில் எனக்கு ஏஸும் பத்தும் வந்தன. பந்தயத்தைக் கூட்டிக் கட்டினேன். தங்கை மட்டும் அதே அளவு வைத்து ஈடு கொடுத்தாள். நடுவில் விரித்த மூன்று சீட்டில் ஒரு ஏஸ்! கட்டினேன், அவள் ஈடு கொடுத்தாள். நாலாவது சீட்டு, ஐந்தாவது சீட்டு, ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் கட்ட வேண்டியிருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்த பிறகே அவள் முடிவெடுத்தாள். கடைசியில் அவள் கையில் ஏஸும், என் பத்தைவிடப் பெரிய குயினும். பாதிக் கொட்டை போயிற்று. தங்கை மகன் சொன்னான்: “பெரியம்மா, அந்தக் கை மோசமில்ல. அந்த இடத்துல உட்கார்ந்து அதை ஆடினதுதான் தப்பு.”

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு வரும் இரண்டு சீட்டு ஜோடியாக அமைய 17இல் 1 வாய்ப்பு. எனக்குப் பின்னால் எட்டுப் பேர் இருந்தால், அவர்களில் யாரிடமாவது ஜோடி இருக்க நூற்றுக்குச் சுமார் 38 வாய்ப்பு. நான் மூடியிடத்தில் இருந்து, முன்னால் உள்ள எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டால், தாண்ட வேண்டியது இரண்டு பிளைண்டுகளை மட்டுமே. அப்போது சுமார் 11தான். அதே ஏஸ்–பத்தை முதல் இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும், மூடியிடத்தில் தயங்காமல் கூட்டிக் கட்டலாம்.

நடுச் சீட்டுகள் விரிந்த பிறகு மூடியிடத்தின் அருமை இன்னும் கூடுகிறது. எல்லோரும் பேசிய பிறகே நம் முறை. எல்லோரும் பந்தயம் கட்டாமல் ‘செக்’ சொன்னால் நாமும் செக் சொல்லி அடுத்த சீட்டைச் செலவில்லாமல் பார்க்கலாம். சின்ன பிளைண்டோ அப்போது எப்போதும் முதலில் பேச வேண்டியவர். பெரிய பிளைண்ட் வைப்பதில் பாதியை முன்பே வைத்துவிட்டோமே என்று அங்கிருந்து எல்லாக் கையையும் ஆடுவது பெரிய தவறு. நானும் ரொம்ப நாள் அதைச் செய்தேன்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. எங்கள் அத்தை ரம்மிக்கு உட்காரும்போது தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று பார்த்துத்தான் பாயில் இடம் பிடிப்பார். முன்னால் இருப்பவர் யோசிக்காமல் சீட்டுப் போடுகிறவராக இருந்தால் அது நம் கைக்கு வரும். நாம் போடுவது அடுத்தவருக்குப் போகும். போக்கரில் சீட்டு அப்படிக் கைமாறுவதில்லை, தகவல்தான் கைமாறுகிறது. கண்மூடித்தனமாகக் கூட்டிக் கட்டுகிறவர் நமக்கு வலப்பக்கம் இருந்தால் நல்லது, அவர் கட்டியதைப் பார்த்துவிட்டு நாம் முடிவெடுக்கலாம்.

செஸ் புதிருக்குப் பக்கத்தில் வாரம் ஒரு சீட்டாட்டப் புதிரும் போடுங்கள். அதில் கையில் என்ன சீட்டு என்பதோடு, ஆடுபவர் எந்த இடத்தில் இருக்கிறார், அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் பேச வேண்டும் என்பதையும் அவசியம் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு