மதிலுக்கு வெளியே கிடக்கும் பிள்ளைகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பங்குகளின் பங்குத்தந்தையர்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஊர் நிர்வாகிகளுக்கும்,

ஸ்தோத்திரம் சாமி.

1998 ஆவணியில் என் தலைப்பிள்ளை பிறந்தான். எட்டாம் மாசத்திலேயே வலி வந்துவிட்டது. விடியலுக்கு முன்னால் பிறந்தவன் வெளிச்சம் வருவதற்குள் போய்விட்டான். முக்கால் மணி நேரம் இருந்திருப்பான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று சொல்லித் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிறு மறைக்கல்வியில் படித்தவள்தான் நான். அந்த நேரத்தில் அது மனசில் வரவேயில்லை. மாமியார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்துனியா ஆத்தா?"

கோயில் மணி அடிக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை, சாமியார் ஜெபித்து மந்திரித்த கல்லறை மண்ணில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் மாமனாரும் வெள்ளைத் துணியில் சுற்றி, பனை ஓலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். கல்லறைத் தோட்டத்து மதிலுக்குப் பின்னால், உடைமரங்களைத் தாண்டி மணல்மேட்டில் புதைத்தார்கள். அடையாளத்துக்கு ஒரு பாறைக்கல் நட்டார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாசம் அது. நான் நாற்பது நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது கல் மணலுக்குள் போயிருந்தது.

அன்றைக்கு இருந்த சாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் செய்தார். ஆனால் ஒரு விஷயம் பல வருசம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 1917-இல் வந்த பழைய திருச்சபைச் சட்டம்தான் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது. 1983-இல் வந்த புதிய சட்டத்தின் 1183ஆம் எண்ணில், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தும் அதற்கு முன்பே இறந்துபோன குழந்தைக்கு, ஆயர் (பிஷப்) அனுமதித்தால் திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. என் பிள்ளை போனது அதற்குப் பதினைந்து வருசம் கழித்து. ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் போதும். கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது, சாமி.

"லிம்போ" என்ற சொல்லை எனக்குச் சொன்னது ஊரிலிருந்த ஒரு வயதான உபதேசியார். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, ஓரத்தில் ஓர் இடம், அங்கே உன் பிள்ளை வலியில்லாமல் இருப்பான், ஆனால் ஆண்டவர் முகத்தைப் பார்க்க மாட்டான் என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அப்படியானால் நான் மோட்சத்துக்குப் போனாலும் அவனைப் பார்க்க முடியாதே என்று அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

அப்புறம் ஒரு சிஸ்டர் உட்கார வைத்து நிதானமாகச் சொல்லித் தந்தார். பிறக்கும்போதே ஒட்டிவரும் ஜென்மப்பாவம் ஞானஸ்நானத்தால் கழுவப்படாமல் சாகிற குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் லேசான தண்டனை என்று ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் எழுதினார். அது மனசுக்கு ஒப்பாமல்தான் பிற்காலத்து மறைவல்லுநர்கள் லிம்போவைப் பற்றிப் பேசினார்கள். புனித தாமஸ் அக்குவினாஸ் அங்கே துன்பமே இல்லை என்றார். ஆக, லிம்போ என்பதே இரக்கத்தில் பிறந்த ஒரு கருத்து. திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருநாளும் அறிவித்ததில்லை. 1992-இல் வந்த மறைக்கல்வி நூலில் 1261ஆம் எண்ணைப் பாருங்கள். அங்கே லிம்போ என்ற சொல்லே இல்லை. இந்தக் குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது என்றும், சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்ற ஆண்டவரின் வார்த்தை நம்மை நம்ப வைக்கிறது என்றும் இருக்கிறது. 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இசைவு தந்து, வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையம் இதற்காகவே ஓர் ஏடு வெளியிட்டது. இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று எதிர்பார்க்க வலுவான காரணங்கள் உண்டு என்கிறது அது. உறுதியாகத் தெரியும் என்று சொல்லவில்லை, ஜெபத்தோடு கூடிய நம்பிக்கை என்கிறது. சரி, அது போதும் எனக்கு. இந்த நம்பிக்கையை எங்கள் பங்கில் ஒரு ஞாயிறு பிரசங்கத்திலாவது நான் கேட்டதில்லை என்பதுதான் என் துக்கம்.

ஞானஸ்நானத்தை நான் லேசாகப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து, கை ஓய்ந்துபோகும் அளவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இங்கே வேதாளையில் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி சாமி கொல்லப்பட்டார். ஓரியூரில் 1693-இல் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) விசுவாசத்துக்காகத் தலை கொடுத்தார். அப்படிக் கிடைத்த தண்ணீர் இது. பிள்ளை பிறந்த சில வாரங்களுக்குள் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நீங்கள் சொல்வதை நானும் வீடு வீடாகச் சொல்கிறேன். ஆனால் டிசம்பர் 28-இல் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் கொண்டாடுகிறோமே, ஏரோது வெட்டிய அந்தப் பெத்லகேம் பிள்ளைகளுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? அவர்களுடையது இரத்த ஞானஸ்நானம், ஆண்டவருக்காகச் சிந்திய இரத்தமே ஞானஸ்நானம் ஆனது என்பீர்கள். தெரியும் சாமி. தண்ணீர் போய்ச் சேராத இடத்திலும் ஆண்டவர் கை நீளும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் நாத்தனார் இரண்டு பிள்ளைகளை இப்படிப் பறிகொடுத்தாள். இப்போது அவள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். அங்கே போன முதல் நாளே ஒருவர் அவள் தலையில் கை வைத்து, உன் பிள்ளைகள் இயேசுவிடம் இருக்கிறார்கள் என்று சொன்னாராம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாசி எடுக்கப் போகும்போது நாங்கள் ஆறு பெண்கள் ஒரு வள்ளத்தில் போவோம். ஒருநாள் பேச்சு இதில் வந்து நின்றது. ஆறு பேரில் நாலு பேருக்கு அந்த மணல்மேட்டில் பிள்ளை இருக்கிறது. இத்தனை வருசம் பக்கத்தில் பக்கத்தில் முக்குளித்திருக்கிறோம், ஒருத்திக்கொருத்தி சொன்னதில்லை. ஒருத்தி தன் மகளுக்கு மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. இப்படி ஒரு பிள்ளை இறந்தால், பெற்றவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே ஆயரிடம் அனுமதி கேளுங்கள். ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கென்று பூசைப் புத்தகத்திலேயே தனி ஜெபங்கள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லுங்கள். ஊர் நிர்வாகிகள் கல்லறைத் தோட்டத்துக்குள் இவர்களுக்கும் இடம் விட வேண்டும். இறந்தே பிறந்த பிள்ளைக்கும் ஒரு பெயர் வைத்து, மணி அடியுங்கள். பிள்ளைத்தாச்சிகளுக்கும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் ஆபத்து நேர ஞானஸ்நானத்தைச் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் ஊற்ற முடியாமல் போனவளிடம் மட்டும், ஏன் ஊற்றவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம்.

போன மாசம் அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வந்தேன். நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து அதை மணல்மேட்டில் தூவினோம். நவம்பர் 2, இறந்தவர்களை நினைக்கும் நாளில், கல்லறை மந்திரிக்க நீங்கள் வருவீர்கள். உள்ளே எல்லாம் முடிந்த பிறகு, தீர்த்தச் செம்போடு பின்பக்கமாகவும் வாருங்கள் சாமி. உடைமரத்தை வெட்டிப் பாதை போட்டு வைத்திருக்கிறோம். மெழுகுதிரி காற்றில் அணையாமல் இருக்க, மண்சட்டிக்குள் வைத்து ஏற்றியிருப்போம்.

இப்படிக்கு,
மணல்மேட்டில் பிள்ளை வைத்திருக்கும் ஒரு தாய்