2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: இரவு ஓட்டமும் சங்கத்து லைற்றுகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர் ஐயா அவர்களே, நிர்வாக சபையினரே, நேரமெடுத்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது துவிச்சக்கர வண்டி ஓட்டுநர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்பாடுகளை இப்பொதுக்கூட்டத்தில் முன்வைக்கிறேன்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதங்களில் கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள் வரவில்லை. தைப்பொங்கல் அன்று கீரிமலை வரையான வழமையான ஓட்டம் நடந்தது. நல்லூர்த் திருவிழாவில் எங்கள் இளைஞர்கள் தண்ணீர்ப் பந்தலில் நின்று உதவினார்கள். செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலும் நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலும் வந்ததால் அக்காலத்து ஓட்டங்கள் கைவிடப்பட்டன. நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தின்போது அங்கத்தவர்கள் சிலர் இடம்பெயர்ந்திருந்த குடும்பங்களுக்குச் சமைத்த சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி, இந்த ஆண்டு கூடுதலான காசும் உழைப்பும் போன விடயத்துக்கு வருகிறேன். சங்கப் பொதுப்பணத்தில் சக்தி கூடிய சைக்கிள் லைற்றுகளும் பற்றறிப் பொதிகளும் வாங்கி, இரவு ஓட்டத்துக்கு வருகிற அங்கத்தவர்களுக்கு இரவல் கொடுக்கும் ஏற்பாடு இது. "இந்தக் காசுக்கு எல்லாருக்கும் ஜேர்சி அடிச்சிருக்கலாமே" என்று மார்கழிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று நேரம் போதவில்லை. இன்று விவரமாகவே பதில் சொல்கிறேன்.

நாங்கள் இரவில் ஓடுவது ஆசைக்காக அல்ல. பங்குனிக்குப் பிறகு காலை எட்டு மணி தாண்டினால் காபெற் வீதியில் நெடுந்தூரம் ஓட உடம்பு விடாது. அதற்கு மேல் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் பண்ணைப் பாலத்திலும் வல்லை வெளியிலும் பகலில் காற்றோடு மல்லுக்கட்டவே பாதிப் பலம் போய்விடும். இரவு ஏற ஏற அந்தக் காற்றும் தணியும், வீதியும் வெறிச்சோடும். எங்கள் ஊரில் நூறு, இருநூறு கிலோமீற்றர் ஓடிப் பழக வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற நேரம் இரவுதான்.

ஆனால் அந்த நேரத்தில்தான் கட்டாக்காலி மாடுகளும் வீதிக்கு வருகின்றன. கறுத்த வீதியில் கறுத்த மாடு படுத்திருந்தால் என்ன தெரியும்? மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர் ஒரு செக்கனில் 8 மீற்றருக்கு மேல் போகிறார். மாட்டைக் கண்டு, உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரைச் செக்கன் எடுக்கும். அதற்குள் 12 மீற்றர் போய்விடும். பிடித்த பிறகு நிற்க இன்னும் ஏழெட்டு மீற்றர் வேண்டும். ஆக 20 மீற்றருக்கு அப்பால் இருப்பது தெளிவாகத் தெரிந்தால்தான் தப்பலாம். மழை ஈரத்தில் அதுவும் போதாது. கைத்தொலைபேசி வெளிச்சத்தையோ சின்னப் பொத்தான் லைற்றையோ பூட்டிக்கொண்டு வருகிறவருக்கு ஐந்தாறு மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் வெளிச்சம் நான்கு மடங்கு வேண்டும். சக்தி கூடிய லைற் ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாருங்கள்.

"பௌர்ணமியில் ஓடினால் நிலா வெளிச்சமே போதும்" என்ற யோசனையும் வந்தது. முழுநிலா உச்சியில் நின்றாலும் நிலத்தில் விழுவது 0.3 லக்ஸ் அளவுதான் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு). ஜேர்மனியில் சைக்கிள் முன்விளக்கு ஒன்று 10 மீற்றர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் தரவேண்டும் என்பது சட்டம். நிலா வீதியைக் காட்டும், குழியைக் காட்டாது.

இவ்விடத்தில் எங்கள் மூத்த அங்கத்தவர்களையும் நினைக்க வேண்டும். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, ரோச் பற்றறிக்கும் தடை என்றிருந்த காலத்தில் இந்த ஊர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. 6 வோல்ற், 3 வாற்ஸ் தருகிற அந்தச் சின்னப் போத்தல் டைனமோ எத்தனை வீடுகளுக்குச் செய்தி கொண்டுவந்தது! அப்படிப்பட்ட ஊரில் சைக்கிளும் மின்சாரமும் சம்பந்தமில்லாதவை என்று யாரும் சொல்ல முடியாது. டைனமோ இன்றும் செத்துப்போகவில்லை. சில்லின் அச்சுக் குடத்துக்குள்ளேயே பூட்டுகிற டைனமோவும் எல்.ஈ.டி. லைற்றும் சேர்ந்தால் விடியும்வரை பற்றறிக் கவலை இல்லை. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற 1200 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் போகிறவர்களில் பலர் அதைத்தான் நம்புகிறார்கள். எங்களுக்கு இப்போதைக்கு அதன் விலை எட்டாது. ஆகவே பற்றறி.

பற்றறி விடயத்தில் ஏமாற்று அதிகம் என்பதை அங்கத்தவர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். இந்த லைற்றுகளுக்குள் இருப்பது 18650 என்கிற உருளை லிதியம் செல். அதில் உண்மையாக அடங்கக்கூடிய மின்சாரம், அதைக் குறிக்கும் அளவான மில்லி அம்பியர் மணியில், 3500 அளவுதான். இணையத்தில் வரவழைத்த ஒரு பொதியில் 9800 என்று அச்சடித்திருந்தது. சந்தேகப்பட்டு, எங்கள் அங்கத்தவர் ஒருவரின் உதவியோடு கஸ்தூரியார் வீதியில் நகைத் தராசில் அந்தச் செல்லை வைத்தோம். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. இது முப்பதைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது. பக்கத்தில் மடிகணினிப் பற்றறியிலிருந்து கழற்றிய பழைய செல் ஒன்றை வைத்தோம், அதுகூட இதைவிடக் கனம். விற்றவர் காசைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து நிறுத்துப் பார்க்காமல் எந்தச் செல்லும் சங்கத்துக்குள் எடுப்பதில்லை என்று நடைமுறை வைத்திருக்கிறோம். லூமன் என்பது லைற் தருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு; பெட்டியில் 10000 லூமன் என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். 1000 லூமனுக்கே ஏறக்குறைய 10 வாற்ஸ் வேண்டும். அந்த உள்ளங்கையளவு பெட்டி 100 வாற்ஸ் சூட்டைத் தாங்குமா என்று யோசித்தாலே விளங்கும்.

நல்ல செல் நாலு சேர்ந்த பொதியில் ஏறக்குறைய 50 வாற்ஸ் மணி இருக்கும். 10 வாற்ஸ் இழுக்கிற முழு வெளிச்சத்தில் அது ஐந்து மணித்தியாலம் வரும். எங்கள் ஊரில் ஆறு மணிக்கு இருட்டினால் ஆறு மணிக்குத்தான் விடியும். ஆகவே எல்லா நேரமும் முழு வெளிச்சத்தில் ஓடுகிறவர் நடுச்சாமத்தில் இருட்டில் நிற்பார். தெருவிளக்கு உள்ள இடத்திலும் நேரான வீதியிலும் மூன்றிலொரு பங்கு வெளிச்சம் போதும். வெளியிலும் வளைவிலும் மாடு நிற்கிற இடத்திலும் மட்டும் கூட்டுங்கள். சாப்பிட நிற்கும்போது லைற்றை அணைத்துவிடுங்கள், ஓடும்போது படுகிற காற்றுத்தான் அதைக் குளிராக்குகிறது. ஹெல்மெற்றில் மட்டும் லைற் பூட்டி வருகிறவர்களுக்கும் ஒன்று: கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் குழியின் நிழல் தெரியாது, வீதி தட்டையாகவே தோன்றும். தை மாதப் பனிப்புகாரில் வெளிச்சம் திரும்பக் கண்ணுக்கே வரும். ஹாண்டிலில் ஒன்று கட்டாயம். ஹெல்மெற் லைற் வளைவு பார்க்கவும் பஞ்சர் ஒட்டவும் மேலதிகமாக உதவும்.

இன்னொரு முறைப்பாடு வெளியிலிருந்து வந்தது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கண் கூசித் தடுமாறி எங்கள் பிள்ளைகளைப் பேசினார். அவர் பேசியது நியாயம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் வாசிகசாலைச் சுவருக்கு முன் 5 மீற்றரில் சோக் கோடு கீறி, சைக்கிளை நிறுத்தி லைற் பார்க்கிறோம். லைற் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் பூட்டியிருக்கிறதோ, வெளிச்சத்தின் நடு சுவரில் அதன் அரைவாசி உயரத்தில் விழவேண்டும். சரி வராவிட்டால் அங்கேயே திருகாணியைத் தளர்த்திக் குனிய வைப்போம். முன் லைற் மின்னி மின்னி எரியவும் விடுவதில்லை. ஒரு லைற்றுக்கு அரை நிமிடம்கூடச் செல்லாத வேலை இது. இதற்குப் பொறுமையில்லாமல் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனது மனவருத்தம். இருந்தாலும் இந்த நடைமுறையை விடப்போவதில்லை.

இந்த ஆயத்தம் எல்லாம் எதற்கு? உலகில் 24 மணித்தியால மலைச்சைக்கிள் போட்டி 1992இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் தொடங்கியது. அணியாக மாறி மாறி இரவு முழுக்க ஓடுகிற அந்தப் போட்டிகளோடுதான் சக்தி கூடிய சைக்கிள் லைற்றுகளும் வளர்ந்தன. நெடுந்தூர ஓட்டங்களிலே 200 கிலோமீற்றரை பதின்மூன்றரை மணித்தியாலத்துக்குள்ளும், 300ஐ 20 மணித்தியாலத்துக்குள்ளும் முடிக்கவேண்டும் என்று கணக்கு இருக்கிறது. மேடே இல்லாத எங்கள் தரையில் எங்கள் பிள்ளைகளால் இது முடியும். நான் இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை.

ஆடியில் நடந்த இரவு ஓட்டமே சாட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழியில் ஏ32 வீதிக்குத் திரும்பி, கேரதீவு தாண்டி, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, பரந்தன், அங்கிருந்து ஏ9 வீதியால் ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று ஒரு சுற்று. 100 கிலோமீற்றரைத் தாண்டும் பாதை. 2011இல் அந்தப் பாலம் திறந்திராவிட்டால் இப்படிச் சுற்றி வந்திருக்கவே முடியாது. பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், தெருவிளக்கு இல்லாத நீண்ட வெளி, வரிசையாகப் போகிற வெள்ளை வெளிச்சமும் பின்னால் சிவப்பும். பூநகரி தாண்டி ஒரு வளைவில் முன்னால் போன தம்பி கையை உயர்த்தி "மாடு!" என்று கத்தினார். ஏழெட்டு மாடு வீதிக்குக் குறுக்கே படுத்திருந்தன. எல்லாரும் ஆறுதலாக நின்று, சுற்றி, போனோம். ஒருவரும் விழவில்லை. அந்த லைற்றுகளுக்குப் போன காசு அந்த ஒரு வளைவிலேயே திரும்பி வந்துவிட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் வரவில்லை. வராவிட்டாலும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர்களுக்காக இரவிரவாக சார்ஜ் ஏற்றிய பொதிகள் மேசையிலேயே இருந்தன. லிதியம் பற்றறியை ஏற்றுகிறபோது ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதால் இரண்டு தம்பிமார் நித்திரை விழித்திருந்தார்கள். வராதவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சந்தா பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது இந்த ஊர் முழுக்கச் சைக்கிளுக்குத் திரும்பியது. சைக்கிள் விலை எகிறியது, பழைய லுமாலா சைக்கிளைத் தேடி அலைந்தார்கள். எங்கள் அங்கத்தவர் தொகையும் அப்போதுதான் பெருகியது. அன்று சேர்ந்தவர்களுக்குச் சங்கம் திருத்தக் கருவி கொடுத்தது, ரயர் ஒட்டக் கற்றுக்கொடுத்தது, பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் வீட்டுக்குப் பற்றறி லைற்றும் கொடுத்தது. பெற்றோல் வந்ததும் அவர்களில் பெரும்பாலானோரைக் காணவில்லை. சந்தா நிலுவை அப்படியே நிற்கிறது. மாதச் சந்தா ஒரு தேத்தண்ணியும் வடையும் சாப்பிடுகிற காசு. தராத காரணம் வறுமை என்றால் நிர்வாக சபையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், முகம் சுளிக்க மாட்டோம். மோட்டார் சைக்கிளில் சங்க வாசலைக் கடந்துபோகிறவர்கள் உள்ளே வந்து கணக்கை முடித்துவிட்டுப் போகவேண்டும் என்று கேட்பது பிழையல்ல.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பித்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், சந்தாவிலும் நன்கொடையிலும் வந்ததில் பெரும்பகுதி லைற்றுக்கும் செல்லுக்கும் போனது, மீதி வழமையான செலவுகளுக்குப் போனது, கையிருப்பு சொற்பம். கணக்காய்வாளர் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார்.

கூட்டங்களுக்கு இடம் தந்த சனசமூக நிலையத்தினருக்கும், வாசிகசாலை நிர்வாகத்துக்கும், தலைவர், பொருளாளர், நிர்வாக சபையினர் அனைவருக்கும், இரவு ஓட்டத்துக்குப் பின்னால் ஓட்டோவில் தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுவந்த அண்ணைக்கும், பிள்ளைகளை இரவில் அனுப்பிய பெற்றோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 200 கிலோமீற்றரை ஒரே இரவில் முடிக்கிற ஓட்டம் ஒன்றை வைக்க நிர்வாக சபை விரும்புகிறது. இருக்கிற பொதிகள் அதற்குப் போதாது. ஆளுக்கு இரண்டு பொதி வேண்டும், கடற்காற்று உப்பில் கறுத்துப்போன இணைப்பிகளை மாற்ற வேண்டும், மாரி மழைக்குத் தாங்கும் உறைகள் வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பிள்ளைகள், சகோதரர்கள் இருக்கும் அங்கத்தவர்கள் கோடை விடுமுறைக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒரு விடயம் மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்: தனிப் பற்றறியைப் பெரிய பெட்டிக்குள் போட விமானத்தில் விடமாட்டார்கள், கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாற்ஸ் மணி வரை தடையில்லை, எங்கள் பொதி அதில் அரைவாசிதான்.

ஆடி ஓட்டத்துக்கு இரவல் வாங்கிய சில பொதிகள் இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் யார் என்பது கொப்பியில் கையொப்பத்தோடு இருக்கிறது. பெயர் வாசிக்க நான் விரும்பவில்லை. பாவிக்காமல் வெறுமையாகக் கிடந்தால் செல் பழுதாகிவிடும், ஆகவே பங்குனி முதல் ஞாயிறுக்குள் வாசிகசாலையில் கொண்டுவந்து தாருங்கள். 200 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் பதியும் கொப்பி பொருளாளரின் மேசையில் இருக்கிறது. பற்றுச்சீட்டுப் புத்தகமும் அதே மேசையில்தான். கூட்டம் முடிந்த பிறகும் அவர் ஒரு மணித்தியாலம் இருப்பார்.

இவ்வண்ணம்,
செயலாளர்