கட்டியின் அளவைத் தேதியோடு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் புற்றுநோய்ச் சிகிச்சையில் கணித மாதிரிகளின், அதாவது கட்டியின் வளர்ச்சியைக் கணிக்கும் சமன்பாடுகளின், பங்கு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். நோய் எப்போது திரும்பும் என்பதைக் கணினி நாள் குறித்துச் சொல்லிவிடும் என்பதுபோல் அது முடிந்திருந்தது. அங்கேதான் எங்களுக்கு உடன்பாடில்லை.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் கட்டியில் பிராஃப் என்ற மரபணு மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. கட்டி வேகமாகச் சுருங்கும். பலருக்குச் சில மாதங்களில் மறுபடி தலைதூக்கும். மருந்துக்கு அடங்காத செல்கள் முதலிலிருந்தே கொஞ்சம் இருந்தன என்று வைத்துக்கொண்டால், கணக்கு எளிது.

கட்டியில் 100 கோடி செல்கள். 10,000இல் ஒன்று அடங்காதது. மற்றவை செத்தபின் மிஞ்சுவது ஒரு லட்சம். அது மீண்டும் 100 கோடியாக 13.3 முறை இரட்டிக்க வேண்டும். ஒரு இரட்டிப்புக்கு 15 நாள் என்றால் மொத்தம் 200 நாள். அடங்காதவை 1,000இல் ஒன்று என்றால் 150 நாள். அதாவது, யாராலும் நேரில் எண்ண முடியாத அந்த விகிதத்தில் பத்து மடங்கு பிசகினாலும் விடை 50 நாள்தான் மாறும். இரட்டிப்புக் காலம் 15க்குப் பதில் 30 நாள் என்றாலோ 200 நாள் 400 ஆகிவிடும்.

ஆக, எல்லாம் வளர்ச்சி வேகத்தில் இருக்கிறது. அந்த வேகமோ ஸ்கேனில் எடுக்கும் மில்லிமீட்டரில் இருக்கிறது. உருண்டையான கட்டியின் விட்டம் 10 மி.மீ.யிலிருந்து 12.6 ஆனாலே கன அளவு இரட்டித்துவிடும். 15 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டாவது ஸ்கேனில் 12.6ஐ 11.6 என்று படித்தால், இரட்டிப்புக் காலம் 23 நாள் என்று வரும். ஒரு மில்லிமீட்டர்தான் பிழை!

அடுத்த சிக்கல், எந்தச் சமன்பாடு என்பது. பலரும் கையாளும் கோம்பெர்ட்ஸ் வளைவில் (வளர வளர வேகம் குறைந்து ஒரு வரம்பை நெருங்கும் சமன்பாடு) தொடக்க அளவு, வேகம், உச்ச வரம்பு என மூன்று தெரியாத எண்கள் உண்டு. (1825இல் அது மனிதர்களின் இறப்பு விகிதத்துக்காக எழுதப்பட்டது, கட்டிக்கு வந்தது பின்னால்தான்.) இரண்டு ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டால் எந்த வளைவும் அழகாகப் பொருந்தும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொல்லும். நோயெதிர்ப்புச் சிகிச்சையில் நிலைமை இன்னும் மோசம்: தற்காப்பு செல்கள் உள்ளே புகுவதாலேயே சில கட்டிகள் முதலில் வீங்கும், மாதிரி அதை நோயின் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும்.

மருந்தை விட்டுவிட்டுக் கொடுத்தால், கட்டி மருந்துக்கு அடங்காமல் போவது தள்ளிப்போகும் என்பதற்கு 2013இல் எலிகளில் நல்ல ஆதாரம் கிடைத்தது. மனிதர்களில் டப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, 3 வாரம் நிறுத்தம், 5 வாரம் மருந்து என்று சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவில், இடைவிடாமல் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் 9 மாதமாவது கட்டுக்குள் இருந்தது. விட்டுவிட்டு எடுத்தவர்களில் அதே பாதிப் பேர் கணக்கு 5.5 மாதம்தான். இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

ஆரம்பத்திலேயே வெட்டி எடுக்கும் மெலனோமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பயாப்சியில் (திசுப் பரிசோதனையில்) அளக்கும் கட்டியின் தடிமன்தான் முதலில் பார்க்க வேண்டியது. பரவிய நோயில் மாதிரி உதவ வேண்டுமானால், 'சற்றே பெரிதாகியுள்ளது' என்று ரிப்போர்ட் எழுதுவதை விட்டு, ஒவ்வொரு கட்டியின் நீள விட்டத்தையும் மி.மீ.யில், தேதியோடு, முடிந்தவரை ஒரே வகை ஸ்கேனில் அளந்து எழுத வேண்டும். சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய ஸ்கேன்களை நோயாளிகள் தூக்கிப் போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தங்கள் நிருபர்களும் அடுத்த முறை ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: இந்த மாதிரியை உருவாக்கப் பயன்படுத்தாத நோயாளிகளிடம் அதைச் சோதித்தீர்களா, பிழை எத்தனை நாள்?

இப்படிக்கு,
கணித உயிரியல் துறை வாசகர்கள்