கூத்துக்கு ஏன் வாடகை வாங்குவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் ஒலி, ஒளி, பந்தல் வாடகைக்கு விடும் உங்கள் கடையிலிருந்து எழுதுகிறோம். பங்குனி பிறந்தால் எங்கள் பதிவுக் கொப்பியில் வெற்றுப் பக்கம் இராது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் முடியும் வரைக்கும் ஜெனறேற்றர் ஆறுவதில்லை, பெடியளும் ஆறுவதில்லை. இந்த வருடம் அந்த ஓட்டத்துக்கு நடுவில் இரண்டு மனக்குறைகள் எங்கள் காதுக்கு வந்தன.

ஒன்று கலியாண வீட்டுக்காரருடையது. “எங்களிட்ட முழு வாடகை எண்ணி வாங்கிறியள், கூத்துக்காரரிட்ட டீசல் காசும் பெடியளின்ர கூலியும் மட்டுமோ?” என்று ஒரு ஐயா கடை வாசலில் நின்று கேட்டார். நியாயமான கேள்விதான். மற்றது ஒரு விழாக் குழுத் தம்பிமாருடையது. காத்தவராயன் கூத்துக்கு வளவைச் சுற்றித் தகரம் அடைத்து, வாசலில் ரிக்கற் வைத்து, உள்ளே கதிரை போட இருநூறு கதிரை கேட்டார்கள். அப்படியென்றால் கலியாண வாடகைதான் என்றோம். கோபித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பகுதிக்கும் சேர்த்து ஒரே மறுமொழியாக இதை எழுதுகிறோம்.

முதலில் தம்பிமாருக்கு. காத்தவராயன் கூத்தை முழுசாய் ஒரு இரவு பார்த்தவர்களுக்கு ரிக்கற் ஏன் சரிவராது என்று தெரியும். பத்து மணிக்குத் தொடங்கினால் காத்தவராயன் கழுமரம் ஏறும் காட்சி வர விடியப்புறம் ஆகும். அதுவரைக்கும் சனம் ஒரே இடத்தில் இருக்காது. சின்ன வயதுக் காத்தவராயனான பாலகாத்தானைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பாயில் சுருண்டுவிடும். பகிடிக்காரச் சின்னான் வந்தால் சிரிப்பதற்கென்றே எழும்புகிறவர்கள் இருக்கிறார்கள். காத்தவராயன் விரும்பிய ஆரியமாலை வந்து போனதும் பாதிப் பெண்கள் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். “கழுவேறுற நேரம் என்னை எழுப்பு” என்று பேரனிடம் சொல்லிவிட்டுப் படுக்கிற கிழவிக்கு எந்த வாசலில் வைத்து ரிக்கற் கிழிப்பது? பாதிப் பேருக்கு அது நாடகம், மீதிப் பேருக்கு அம்மாளாச்சிக்கு வைத்த நேர்த்தி. கழு ஏறும்போது கைகூப்பி நிற்கிறவரைப் பார்வையாளர் என்று சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை.

கோவலன் கூத்தும் அப்படித்தான். எங்கள் முல்லைத்தீவுப் பாணிக்கு முல்லை மோடி என்று தனிப் பெயரே வாங்கித் தந்த கூத்து அது. மதுரையை எரித்த கண்ணகி நந்திக்கடல் ஓரம் வந்து, மாடு மேய்த்த பெடியளிடம் விளக்கேற்றச் சொன்னாளாம். எண்ணெய் இல்லையென்று அவர்கள் கையைப் பிசைய, கடல்நீரில் ஏற்றச் சொன்னாளாம். இன்றைக்கும் வைகாசியில் கடல்நீர் எடுத்துவந்து எங்கள் ஊர்க் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரித்து, பிறகுதான் வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். எண்ணெய்க்கே காசு கேட்காத தெய்வத்தின் கதையை ஆடுவதற்கு வாசலில் காசு கேட்பது எங்களுக்குப் பொருந்தவில்லை. இது கடைக்காரனின் நியாயம்தான், சாத்திரம் அல்ல.

“சும்மா காட்டினா மதிப்பில்லை, வெளிநாட்டில எல்லாம் ரிக்கற்தான்” என்றும் ஒரு தம்பி சொன்னார். அதற்குத்தான் இந்தக் கதை.

எங்கள் அண்ணர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். நியூயோர்க் நகரத்தின் நடுவில் உள்ள சென்ட்ரல் பார்க்கில் கோடை வந்தால் சேக்ஸ்பியர் நாடகம் போடுவார்கள். திறந்த வெளி, ஏறத்தாழ 1,800 பேர் இருக்கலாம், காசு இல்லை. விடிய எழும்பி வரிசையில் நின்று அனுமதிச் சீட்டு வாங்கியதைப் போனில் சொன்னான். அதைத் தொடங்கியவர் ஜோசப் பாப். 1921இல் புரூக்ளினில் ஏழைக் குடியேறிகளின் பிள்ளையாகப் பிறந்த யூதர். 1954இல் ஒரு தேவாலய மண்டபத்தில் தொடங்கி, 1956இல் ஆற்றங்கரைத் திறந்த அரங்குக்கு வந்து, 1957இல் லொறியில் மேடை கட்டிக்கொண்டு நகரத்தின் பகுதி பகுதியாகப் போனார். அந்த லொறி கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் பழுதாகி நின்றதாம், அதனால் நாடகமும் அங்கேயே தங்கிவிட்டதாம் என்று இன்றும் அங்கே கதை சொல்கிறார்கள். லொறி வைத்திருக்கிற எங்களுக்கு அந்தக் கதையில் சந்தேகமே வரவில்லை.

சண்டை வந்தது 1959இல். நகரத்தின் பூங்காக்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் றொபேட் மோசஸ். பாலமும் பெருந்தெருவும் கட்டிக் குவித்த, மேயர்மாரும் பயந்த பெரிய கை. சனம் இருந்து புல் தேய்கிறது, பராமரிப்புச் செலவுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு டொலர் அறவிடு, இல்லையென்றால் அனுமதி இல்லை என்றார். பாப் மாட்டேன் என்றார். ஒரு டொலர்தானே என்று விட்டிருக்கலாம். விடாமல் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றத்தில் தோற்றார். மேன்முறையீட்டில், காசு அறவிடச் சொல்வது நியாயமில்லாத தன்னிச்சையான நிபந்தனை என்று தீர்ப்பு வந்தது. அதைவிடப் பெரிய வேடிக்கை பிறகு நடந்தது. நிரந்தர அரங்கு கட்ட நகரத்திடம் பணம் கேட்டுக் கொடுத்தவர் அதே மோசஸ். டெலகோட் என்ற பதிப்பாளரும் பெருந்தொகை கொடுத்தார். அவருடைய பெயரில்தான் 1962இல் டெலகோட் அரங்கு ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தோடு திறந்தது. கடன்காரனின் கதை. காசில்லா அரங்குக்கு நல்ல பொருத்தம்.

அதே 1962இல்தான் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் படித்த சபைக்குக் கொண்டுவந்தவர் அவர். அதனால் கூத்துக்கு ஒரு மரியாதை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் சுருக்கினால் மண்டபத்துக்குள் போகும், மண்டபத்துக்குள் போனால் வாசல் வரும், வாசல் வந்தால் ரிக்கற் வரும். எங்களுக்குத் திறந்த வெளியில் ஆடும் வெளிக்களரிதான் பிடிக்கும்.

நியூயோர்க்கிலும் எல்லாம் நேர் என்று சொல்லவில்லை. நன்கொடை கொடுப்பவருக்கு இருக்கை ஒதுக்குவார்கள். கூலிக்கு ஆள் வைத்து வரிசையில் நிறுத்துகிறவர்களும் இருந்தார்கள். நாங்கள் மட்டும் என்ன? பிரதம விருந்தினருக்கு என்று சோபா கேட்டு எத்தனை பேர் வருகிறீர்கள்! அவர் ஒன்பது மணிக்கு வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்குப் போய்விடுவார். வெறும் சோபா விடியும்வரை முன்னால் இருந்து பின்னால் பாயில் இருப்பவர்களை மறைக்கும். கூத்து இரவில் இனி எங்களிடம் சோபா கேட்க வேண்டாம்.

இனிக் கலியாண வீட்டுக்கார ஐயாவுக்கு. 2009இல் போர் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்களிடம் ஒரு ஸ்பீக்கர்கூட மிஞ்சவில்லை. கடனுக்கு ஒரு சிறிய ஜெனறேற்றர் எடுத்துத்தான் தொழிலை மறுபடி தொடங்கினோம். முதல் வேலையாக வந்தது ஒரு கூத்து. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தன் கூத்துக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் சுமந்து, திரும்பக் கொண்டுவந்திருந்தார். உடுப்புக்குப் பழைய சேலைகளைத்தான் வெட்டித் தைத்திருந்தார்கள். நடுச்சாமம் தாண்டி எங்கள் ஜெனறேற்றர் நின்றுவிட்டது. மைக் இல்லை, வெளிச்சம் இல்லை. நாங்கள் வெட்கத்தில் இருட்டுக்குள் வயரைத் தடவிக்கொண்டிருந்தோம். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவேயில்லை. யாரோ பெற்றோமாக்ஸ் கொண்டுவந்து கிளுவை மரத்தில் கொழுவினார்கள். பிற்பாட்டை முன்னால் இருந்த சனமே எடுத்துப் பாடியது. ஜெனறேற்றர் திரும்பவும் உறுமியபோது, “கொஞ்சம் நிப்பாட்டு தம்பி, இந்தக் காட்சி முடியட்டும்” என்று ஒரு அம்மா சொன்னார். அன்றைக்கு அவர்கள் தந்த வாடகையைக் கையில் வாங்க மனம் வரவில்லை. டீசல் காசை மட்டும் எடுத்தோம். அன்று தொடங்கியதுதான் இந்த வழக்கம்.

ஆகவே நடைமுறை இதுதான். வாசலில் காசு வாங்காத கூத்துக்கு டீசலும் கூலியும் மட்டும். உண்டியல் வைக்கலாம், தட்டம் கொண்டுவரலாம், கச்சான் விற்கலாம், அதில் நாங்கள் தலையிடமாட்டோம். தகரம் அடைத்து ரிக்கற் வைத்தால் முழு வாடகை. கலியாணத்துக்கு எங்கள் விலை மாறவில்லை, இந்த வழக்கத்துக்காக ஒரு சதமும் உங்கள் கணக்கில் ஏற்றவும் இல்லை. நம்பாதவர்கள் கடைக்கு வந்து கொப்பியைப் பார்க்கலாம்.

வைகாசிப் பொங்கல் வாரத்தில் கலியாணம் வைத்திருப்பவர்கள் சித்திரைக்குள் சொல்லிவிடுங்கள். பெரிய ஜெனறேற்றர் அந்த வாரம் கோயில் பக்கம் நிற்கும், உங்களுக்குச் சின்னதுதான் தரமுடியும். கோபித்துப் போன தம்பிமாரே, இருநூறு கதிரையும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. தகரத்தை விட்டுவிட்டு வந்தால் பின்வரிசைக்கு வயதானவர்களுக்காக ஐம்பது கதிரை சும்மா தருகிறோம். மழை வந்தால் மூட இரண்டு படங்கும் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஒலி ஒளி வாடகைக் கடையினர்,
முள்ளியவளை